எதுவும் கேட்காத ஊர்

அந்த ஊருக்கு வரி கிடையாது, வார்டு கிடையாது, ஓட்டுச்சாவடி கிடையாது. மழையில் சாலை சரிந்தால் கிழக்கே உள்ள அலுவலகம் மேற்கே கைகாட்டும், மேற்கே உள்ளது கிழக்கே கைகாட்டும். ரெண்டு மாவட்டங்களுக்கும் எல்லையாக இருந்த ஓடை ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து வேறு பக்கமாக ஓட ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான். ஓடைக்கு என்ன, அது பாட்டுக்குத் திரும்பிவிட்டது. ஊர்தான் ரெண்டுங்கெட்டானாக நின்றுவிட்டது.

ஊர் என்று சொல்வதே கொஞ்சம் பெரிய வார்த்தை. முன்னொரு காலத்தில் மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்குவதற்குச் சாலை போட ஒரு காண்டிராக்டர் வந்தார். சாலை ஒரு பெரிய பாறை வரைக்கும் வந்து நின்றது. "இதோ வந்துடுறேன்" என்று ஜீப்பில் ஏறிப் போனவர் போனவர்தான். கூலிக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகைகளிலேயே தங்கிப்போனார்கள். பாறைக்கு முன்னால் ஒரு பஸ் திரும்புகிற அளவு சமதரை இருந்தது. அதனால் பஸ் வந்தது. பஸ் வந்ததால் ஆட்கள் வந்தார்கள். இவ்வளவுதான் வரலாறு. இதில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை.

வந்தவர்கள் யார் என்று கேட்டால், அதுதான் அங்கே கேட்கக் கூடாத கேள்வி. ஒழுங்கான வீடு வாசல் உள்ளவன் பாறையில் முட்டி நிற்கிற சாலையில் ஏன் ஏறி வருகிறான்? ஒவ்வொருவரும் எதையோ கீழே விட்டுவிட்டு வந்தவர்கள். எந்த ஊரு, என்ன பேரு, யார் யார் இருக்காங்க என்று விசாரிப்பதுதான் உலகத்தில் மரியாதை. அங்கே அதைப்போல அவமரியாதை கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. செய்கிற வேலையே பெயர். லைன்மேன், டீச்சரம்மா, டீக்கடை அக்கா. டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள், நடத்தினாளா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குத்தான் வெளிச்சம்.

நம்ம ஆளுக்குப் பெயர் தகரம். கூரைக்குத் தகரம் அடிப்பது, ஓட்டை அடைப்பது, மழைத் தண்ணீர் ஓடக் கூரை விளிம்புக்குத் தகர வாய்க்கால் மடக்குவது அவர் வேலை. மலையில் மழைக்குக் குறைச்சல் இல்லாததால் வேலைக்கும் குறைச்சல் இல்லை. டீக்கடை அக்காவை அவர் அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். ரெண்டு பேரில் யார் மூத்தவர் என்று ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கேட்காத வழக்கத்தை இரும்பாக்கியது அக்காவின் விஷயம்தான். அவள் அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் என்பது ஊருக்குத் தெரியும், அவள் சொல்லி அல்ல. அவள் வந்த கொஞ்ச நாளில் ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கி, "என் தங்கச்சியைக் காணோம்" என்று அழுதாள். ஊர் இளகி வீட்டைக் காட்டிவிட்டது. மறுநாள், அவளை உளவுக்கு அனுப்பிய அந்தப் புருஷன் நாலு தடியன்களோடு ஜீப்பில் வந்து நின்றான். அக்காவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து, நம்ம ஆள் மேலே தகரத்தைப் போட்டு மூட, ஊரே ஒரே குரலில் சொன்னது: "அப்படி யாரும் இங்க இல்ல." வந்தவர்கள் கத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யார் வந்து யாரைக் கேட்டாலும், அழுதுகொண்டே கேட்டாலும், அந்த ஒரே பதில்தான். கேட்ட பெயரை மனசில் வைத்துக்கொள்வதுகூடத் தப்பு. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட வேண்டும்.

நல்ல ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் தகரம் ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது வாசலில் வேளா வேளைக்குச் சாப்பாடு வந்தது, சுடுதண்ணீர் வந்தது, யாரோ மாத்திரைகூட வைத்துவிட்டுப் போனார்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, யாராவது கேட்டால் நன்றாக இருக்குமே என்று அவர் நினைத்தார். ஏன் என்று கேட்க நாதியில்லாத இடம் வேண்டும் என்று தேடி வந்தவர்தான் அவரும். அந்த இடம் கிடைத்துவிட்டது. அதில்தான் கஷ்டமே.

கீழே அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எதிர் வீட்டுப் பையனின் கால் சக்கரத்தில் சிக்கிவிட்டது. பையன் பிழைத்தான். போலீஸும் அவர்மேல் தப்பில்லை என்றது. தெருதான் விடவில்லை. பால் வாங்கப் போனால் "எப்படி ஆச்சு?" முடி வெட்டப் போனால் "எப்படி ஆச்சு?" கோபமாகக் கேட்டால்கூடத் தாங்கியிருப்பார். எல்லாரும் அன்பாகக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் அவர் சக்கரத்துக்கு அடியில் மறுபடி போயிற்று. ஒரு விடியற்காலையில், பெண்டாட்டியிடம் "ஒரு மாசத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குச் செருப்பை இடம் வலம் பார்த்துப் போடக்கூடத் தெரியாது.

காண்டிராக்டருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று அவரே பல தடவை யோசித்திருக்கிறார்.

அன்று காலை அவர் டீக்கடைக் கூரைமேல் இருந்தார். ராத்திரிக் காற்றில் ஒரு தகரம் கழன்று அக்காவின் பால் பாத்திரத்துக்குள் மழை சொட்டிக்கொண்டிருந்தது. வாயில் நாலு திருகாணி, கையில் ஸ்க்ரூ டிரைவர், முழங்காலுக்கு அடியில் வழுக்குகிற தகரம். காலைப் பஸ் வந்து, ஒருத்தியை இறக்கிவிட்டு, திரும்பிப் போனது. அவள் குடையைச் சாய்த்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஐயா, இங்க இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காரா?" என்று ஒரு பெயரைச் சொன்னாள்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார், திருகாணிகளுக்கு நடுவிலிருந்து.

சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் அவருக்குள் வந்து சேர்ந்தது. அது அவருடைய பெயர். அதைத் தேடி வர மகளைத் தவிர யார் இருக்கிறார்கள்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்துக்கும் அவ்வளவு ஆயுசு போலிருக்கிறது. பெயரைக் கேட்டதும் வாய் தானாகவே சொல்லிவிட்டது, இவரைக் கேட்காமலே.

"சரிங்கய்யா" என்று அவள் தெருவுக்குள் போனாள்.

அவர் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து தெரு முழுவதும் தெரியும். லைன்மேன் வீட்டில் கதவு திறந்து, ஒரு தலை 'இல்லை' என்று ஆடி, கதவு மூடியது. டீச்சரம்மா அவள் காட்டிய போட்டோவைக் கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இல்லை என்றாள். மற்ற வீடுகளிலும் அதேதான். ஒவ்வொரு கதவிலும் தன்னை இல்லை என்று சொல்வதை ஒரு மனுஷன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது என்றால் சும்மா இல்லை. அவரைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது யாருடைய பெயர் என்றே தெரியாது. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம். ஏணி பக்கத்திலேயே இருந்தது. சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். ஏன் போனீங்க? ஏன் வரல? அந்த ரெண்டு கேள்விக்கும் இத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்காததால் அவர் பதில் தயார் செய்து வைக்கவே இல்லை. இறுகிய திருகாணிகளையே மறுபடி மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானப் பஸ்ஸுக்காக அவள் டீக்கடைக்கே திரும்பி வந்தாள். மழை பலமாகிவிட்டது. இதற்கு மேலும் கூரைமேல் இருந்தால் பைத்தியக்காரன் என்றாகிவிடும். அவர் இறங்கி உள்ளே வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா ரெண்டு பேருக்கும் டீ வைத்தாள்.

"நனைஞ்சிட்டீங்களேய்யா" என்றாள் வந்தவள். அவளுக்கு அம்மாவின் நெற்றி. காதுக்குப் பக்கத்தில் ரெண்டு மூன்று நரை. பையை மடியில் வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்பாரில்லாமலே தானாகப் பேச ஆரம்பித்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் தெரியாதவர்களிடம் அப்படித்தான் பேசுவார்கள்.

"எங்கப்பாவைத்தான்யா தேடுறேன். மலைப்பக்கம் போனாருன்னு அம்மா சொல்வாங்க. லீவு கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மலையா ஏறி இறங்குறேன். அம்மா போன மாசம் போயிட்டாங்க."

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். நனைந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அப்பாவை நிக்க வச்சுக் கேள்வி கேக்கணும்னு சின்ன வயசுல நினைப்பேன். இப்ப கேக்க ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் சொல்லணும், அவ்வளவுதான்." அவள் போட்டோவை எடுத்து பெஞ்சில் வைத்தாள். ஒரு வேன்மேல் சாய்ந்துகொண்டு, தலை நிறைய முடியோடு, உலகத்தையே வாங்கிவிட்டவன் மாதிரி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். "அவர் வண்டியில ஒரு பையனுக்கு அடிபட்டுச்சு. அந்தத் துக்கத்துலதான் போயிட்டாரு. அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கான்யா. லேசா சாய்ஞ்சு நடப்பான், வேற ஒண்ணுமில்ல. என் கல்யாணத்துல ஓடியாடி வேலை பாத்ததே அவன்தான். அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப முன்னால தோள் குடுத்ததும் அவன்தான். இது அப்பாவுக்குத் தெரியாமலே போயிடக் கூடாது பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எந்தக் கேள்விக்குப் பயந்து மலை ஏறினாரோ அந்தக் கேள்வி அவளிடம் இல்லவே இல்லை. இத்தனை வருஷம் ஒளிந்திருந்தது எதற்கு?

"நான்தான்மா அது" என்றார்.

சத்தம் சின்னதாகத்தான் வந்தது. அவள் திரும்பினாள். அவருடைய வழுக்கையை, வெள்ளைத் தாடியை, துருப்பிடித்த விரல்களைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள்.

அடுப்பருகே இருந்த அக்கா சட்டென்று திரும்பினாள். அழுதுகொண்டு வந்த ஒருத்தியின் பின்னால் ஜீப் வந்த நாள் அவளுக்கு மறக்குமா? பாவம் பார்த்து இந்த மனுஷன் வலையில் போய் விழுகிறாரே என்று, வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டாள்.

"அவர் சொல்றதை நம்பாதம்மா! யார் வந்து யாரைத் தேடினாலும் நான்தான் நான்தான்னுவாரு. ஒரு தடவை ஒரு அம்மா மகனைத் தேடிட்டு வந்தாங்க, அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னாரு. நல்ல மனுஷன்தான், கொஞ்சம்..." என்று நெற்றிக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினாள்.

எப்படிப்பட்ட பொய்! அந்த ஊரில் பத்தரை மாற்றுத் தங்கமான பொய். அன்று தகரத்தைப் போட்டுத் தன்னை மூடிய மனுஷனுக்கு அவள் செய்கிற பதில் மரியாதை அது.

மகளின் முகம் இளகியது. "பரவாயில்லைங்கய்யா" என்றாள். "நான் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். அவளுடைய அம்மாவின் பெயர். அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி. சொல்லியும் ஆயிற்று, மாட்டிக்கொள்ளவும் இல்லை. அவர் தலையைக் குனிந்தபடி டீயைக் குடித்தார். சொல்லலாம், இந்த டம்ளர் முடிந்ததும் சொல்லலாம். டம்ளர் காலியானது. காலி டம்ளரையே இன்னும் ரெண்டு வாய் குடித்தார்.

பஸ் வந்து, பாறைக்கு முன்னால் முன்னும் பின்னும் அசைந்து திரும்பியது. அவள் எழுந்தாள். போட்டோவைப் பையில் வைத்தாள். படியில் ஏறப் போனவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"மழையில மேல ஏறாதீங்கய்யா. வழுக்கும். இந்த வயசுல விழுந்தா யாரு பாத்துக்குவாங்க?"

பஸ் போய்விட்டது.

அவருக்கு யாரும் அப்படிச் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. ஏறாதே, விழுந்துவிடுவாய் என்று சொல்ல ஒருத்தி மழையில் மலை ஏறி வந்திருந்தாள். பெஞ்சில் அவள் உட்கார்ந்த இடத்தில் குடைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அழுதார். வாயை மூடிக்கொண்டு அழுதால் தெரியாது என்று அவர் நினைத்தார். நன்றாகவே தெரிந்தது.

ஊர் வழக்கப்படி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். "நல்ல வேளை அண்ணே, தப்பிச்சீங்க" என்றாள் அடுப்பிடம்.

"அது என் மக, அக்கா."

துணி அவள் கையிலிருந்து விழுந்தது. ஒரு கணம்தான். அப்புறம் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். "ஏ லைன்மேனு! டீச்சரம்மா! எல்லாரும் வாங்க, பஸ்ஸை நிறுத்துங்க!"

போன் செய்யலாம் என்றால் அந்த மலையில் சிக்னல் கிடையாது. துரத்தலாம் என்றால் வண்டி கிடையாது. ஒரே வழிதான் இருந்தது. கீழே இறங்குகிற பஸ் வளைந்து வளைந்து போய், டீக்கடைக்கு நேர் கீழே ஒரே ஒரு தடவை தலைகாட்டும். ஊர் முழுவதும் அந்த விளிம்புக்கு ஓடியது. கதவுக்குக் கதவு இல்லை என்று தலையாட்டிய அத்தனை பேரும் ஓடினார்கள். பஸ்ஸின் கூரை கீழே தெரிந்தது.

"இருக்காரு! இருக்காரு!" என்று அக்கா கத்தினாள்.

"யாரு?" என்றார் லைன்மேன்.

யார் என்று சொல்வது? அவர்களுக்குத் தெரிந்தது தகரம் என்கிற பெயர்தான். "தகரம் இருக்காரு!" என்று கத்தினால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்? காலையில் ஒவ்வொரு வாசலிலும் அவள் சொன்ன பெயரை ஒவ்வொருத்தரும் ஒழுங்காக மறு காதில் விட்டிருந்தார்கள். டீச்சரம்மா கைகளைப் பிசைந்தாள். "சொன்னாளே, என்னமோ சொன்னாளே..."

அக்கா திரும்பி அவர் சட்டையைப் பிடித்தாள். "உங்க பேரு என்ன அண்ணே? சீக்கிரம் சொல்லுங்க!"

அந்த ஊர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. எச்சிலை விழுங்கி, இருமி, ஒரு வழியாகச் சொன்னார்.

அந்தப் பெயரை எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். லைன்மேன் கத்தினார், டீச்சரம்மா கத்தினாள், அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவரும் கத்தினார், தன் பெயரைத் தானே. மழை அதை எங்கே கொண்டு போயிற்றோ தெரியாது. மேலே கூட்டமாக ஆட்கள் கை அசைப்பதை டிரைவர் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷமாக ரெண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, வளைவில் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு அக்கா முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போனாப் போகட்டும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு நானும் உங்ககூட வர்றேன். அவ காலைப் பிடிச்சு நானே சொல்றேன். எந்த ஊரு அவளுக்கு?"

கீழே ஜங்ஷனிலிருந்து எல்லாத் திசைக்கும் பஸ் உண்டு. பழைய தெருவில் இருப்பாளா, புருஷன் ஊரிலா? அவர் வாயைத் திறந்தார்.

"தெரியலையே."

"புருஷன் பேரு? பிள்ளைங்க எத்தனை? எங்க வேலை பாக்குறா? ஏதாச்சும் சொல்லியிருப்பாளே!"

"சொல்லல அக்கா." அவர் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தா. கேட்டிருந்தா எல்லாம் சொல்லியிருப்பா. நான் கேக்கலையே."